தலையணை உயரம்

சின்தசைஸர்தான், மேடம். ரைட்டர் அண்ணன் எழுதியது சரி. ஆனால் பக்கத்தில் ‘கீபோர்டு’ என்று போட்டிருக்கிறார், அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். இதில் கட்டைகளே கிடையாது. நீங்கள் டீயைக் குடியுங்கள், ஆடை கட்டிவிட்டது. நான் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். மறைக்க எதுவும் இல்லாததால் எனக்கு அவசரமும் இல்லை.

பெயர் ஜோயல். வயது இருபத்தொன்பது. ராஜபாளையத்தில் இன்வெர்ட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பேன். அது வேறு, இது வேறு.

ஒரு இசைக்கருவியைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஓர் அலுமினியத் தகட்டில் பொருத்தினால் எப்படி இருக்குமோ, அதுதான் இந்தப் பெட்டி. ஒரு தகடு ஒலியை உண்டாக்கும். இன்னொன்று அதை வடிகட்டும். இன்னொன்று அது எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்று சொல்லும். எதை எதோடு சேர்ப்பது என்பதை இந்தக் குட்டை வயர்களைக் கொண்டு நாமேதான் முடிவு செய்ய வேண்டும். தகடுகளை இங்கேயே லேத் பட்டறையில் வெட்டினேன். சாமான்கள் கூரியரில் வந்தன. பற்ற வைத்ததெல்லாம் நான்தான். மூன்று வருடம் ஆனது.

நீங்கள் கேட்பது நான்காவது தகடு. அதற்கு ‘குலுக்கல்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. அப்படி இணைத்தால் அது ஓயாமல் சீறும். அந்தச் சீறலில் மின்னழுத்தம் ஏறும், இறங்கும். அடுத்த கணம் எவ்வளவு இருக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. குலுக்கல் அதிலிருந்து அவ்வப்போது ஓர் அளவை எடுத்துப் பிடித்துக்கொள்ளும். நான் போட்ட கோட்டை அந்த அளவு தாண்டினால் சத்தம் வரும், தாண்டாவிட்டால் வராது. கோடு எங்கே இருக்க வேண்டும் என்பது இந்தக் குமிழ். குமிழ் மட்டும்தான் என் கையில். மற்றதெல்லாம் அதன் கையில். இதை ரைட்டர் அண்ணன் நான் சொன்னபடியே எழுதினால் நல்லது.

ஹபீப் ரகுமான் என் நண்பன். பக்கத்து போர்ஷன். அவனும் அவன் அம்மா சௌதாவும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் ஒரே சுவர். அவன் நூல் மில்லில், ரிங் பிரேம் என்ற நூற்கும் மெஷினில் வேலை பார்க்கிறான். ஆறு மாதமாக இரவு ஷிப்ட். காலையில் எட்டரைக்கு வருவான், இட்லி சாப்பிடுவான், ஒன்பது மணிக்குப் படுப்பான், மூன்று மணிக்கு எழுவான். சௌதாம்மா பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனிக்குப் போய்விட்டு ஆறு மணிக்குத்தான் திரும்புவார். ஒன்பதிலிருந்து மூன்றுவரை அந்த வீட்டில் அவன் மட்டும்தான். என் கடை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.

கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அதுவரை யாருக்கும் காட்டியதில்லை. நாற்பது நிமிடம். குலுக்கலை வைத்து நான் செய்த முதல் முழு இசை. அவன் என் பாயில் உட்கார்ந்தான், பிறகு சுவரில் சாய்ந்தான். ஐந்தாவது நிமிடம் குறட்டை வந்தது. நான் நிறுத்தவில்லை. முடித்ததும் அவனாகவே விழித்தான்.

“முடிஞ்சிட்டாடே?”

“முடிஞ்சது. எப்படி இருந்துச்சு?”

“அருமைடே. ஷிப்ட் மாறுனதுலேருந்து இப்படித் தூங்குனதே இல்ல. தெனம் ஒம்பது மணிக்குப் போட்டுவிடு.”

“நெசமாவே தூங்கிட்டியா?”

“ஏலே, ரிங் பிரேம் பக்கத்துல நின்னுக்கிட்டே தூங்குற ஆளு நானு. ஒன் டிங்கு டிங்கெல்லாம் எம்மாத்திரம்?”

மறுநாள் மாரிச்சாமி டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஹபீப் என் தோளில் கை போட்டுக்கொண்டு, “இவன் கச்சேரிக்குப் போனா தலகாணியோட போங்கப்பா, நான் அனுபவப்பட்டுட்டேன்” என்றான். “டிக்கெட்டுக்குப் பதிலாப் பாய் குடுப்பானாக்கும்” என்றார் மாரிச்சாமி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் மாரிச்சாமியிடம் விசாரிக்கலாம். நான் சிரித்ததை அவர் பார்த்தார்.

ஆனால் அவன் சொன்னதில் யோசிக்க ஒரு விஷயம் இருந்தது. மில்லில் அவ்வளவு சத்தம். அதில் ஒருவனால் தூங்க முடிகிறது. ஏனென்றால் அது மாறாத சத்தம். சர்ச்சில் நான் வாசிக்கும்போதும் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள்; அடுத்த ஸ்வரம் எது என்று அவர்கள் காதுக்கு முன்பே தெரியும். தெரிந்ததும் காது தன் வேலையை விட்டுவிடும். அப்படியானால் பழகவே முடியாத சத்தம் என்று ஒன்று உண்டா? உரக்க ஒலிக்க வேண்டியதில்லை. எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தால் போதும். குலுக்கல் செய்வது அதைத்தானே. ஹபீப் மாதிரி ஒருவனை விழிக்க வைத்துவிட்டால் அந்த இசை யாரையும் விழிக்க வைக்கும். வேறு ஒருவரை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு அவன் மேல் எனக்கு மதிப்பு இருந்தது.

என் பக்கச் சுவரில் ஒரு சில்லை ஒட்டிப் பெட்டியோடு இணைத்தேன். திறந்தால் பாடும் வாழ்த்து அட்டைகளில் இருக்குமே, அதே சில்லு. அதன் பக்கத்தில் ஒரு சின்ன மைக். அவன் தலையணை உயரம் எனக்குத் தெரியும். அந்தக் கட்டிலை அங்கே தூக்கிப் போட்டதே நாங்கள் இருவரும்தான். சத்தம் என்று சொல்கிறேனே தவிர, அது டம்ளர் விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு தட்டுவது போலத்தான் இருக்கும். தலை சுவரருகே இருந்தால்தான் கேட்கும். சில நேரம் ஒரு நிமிடத்தில் நான்கு முறை வரும். சில நேரம் ஐம்பது நிமிடம் வராது. ஒவ்வொரு முறையும் சுருதி வேறு.

முதல் நாள் பதினொரு முறை வந்தது. ஒவ்வொரு முறையும், இரண்டு மூன்று நொடி கழித்து, அவன் கட்டில் கிறீச்சிட்டது. ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு, ஒரு கிறீச். கேள்வியும் பதிலும் போல. மேடம், எட்டு வருடம் சபைக்கு வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பதில் சொன்ன ஒரு ரசிகனை அன்றுதான் பார்த்தேன்.

நான்காம் நாள் அவன் கேட்டான்.

“ஏலே ஜோயலு, ஒங்க பக்கம் பல்லி கெடக்கா?”

“இல்லையே. ஏன்?”

“என்னமோ டிங்குங்குதுடே. கொழா ஒழுகுதோன்னு பாத்தேன், இல்ல. பாத்திரத்தையெல்லாம் கமுத்திப் போட்டுட்டேன்.”

“எப்ப கேக்குது?”

“அது தெரிஞ்சா நான் எதுக்குடே ஒங்கிட்ட வாரேன்? அது வர்ற நேரத்துக்கு எந்திரிச்சு டீ போட்டுற மாட்டேனா?”

அப்போது அவன் இன்னும் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம் அது நின்றது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போனான். மில்லில் நூல் அறுந்து தொங்குவதைப் பார்க்காமல் நின்றான் என்று சூப்பர்வைசர் எழுத்தில் விளக்கம் கேட்டார். சௌதாம்மா ஒரு நாள் லீவு போட்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று ஆறு மணி நேரமும் ஒரு சத்தம்கூட வரவில்லை.

“கேக்குதாம்மா?”

“ஒண்ணுங் கேக்கலியே ராசா. நீ செத்த நேரம் கண்ண மூடு, நான் இருக்கேன்ல.”

அது எப்படி என்று கேட்பீர்கள். அன்று காலையில் அவர் செருப்பு வாசலிலேயே கிடந்ததைப் பார்த்துக் குமிழைக் கடைசிவரை திருப்பியது நான்தான். ஆனால் அது சத்தம் போடச் சொல்லி இல்லை, மேடம். போடாமல் இருக்கச் சொல்லித்தான். அன்று அவன் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினான். அந்தத் தூக்கத்தைக் கொடுத்ததும் நான்தான் என்று வைத்துக்கொண்டால், கணக்கு ஒரு பக்கமாகவே இருக்காது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டுப்போய் அவன் கட்டிலில் படுக்கச் சொன்னான். தலையணையில் தலையை வைத்தேன். அவன் தரையில் குத்துக்காலிட்டு, காதைச் சுவரில் வைத்துக்கொண்டான். எங்கள் முகங்களுக்கு நடுவே ஒரு முழம்கூட இல்லை. பெட்டி அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு வர அவன் நேரம் கொடுக்கவில்லை.

“நீ கரண்டு வேல பாக்குற ஆளு. சத்தம்னா என்னன்னு ஒனக்குத் தெரியும். ஒளிக்காமச் சொல்லணும், சரியா?”

“சொல்றேன்.”

இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. அவன் நெற்றியில் வியர்வை இறங்கியது. எனக்கும்தான். கோடு இருக்கும் இடம் எனக்குத் தெரியும், ஆனால் அது எப்போது தாண்டும் என்று அவனைப் போலவே எனக்கும் தெரியாது. அந்த இருபது நிமிடம் நாங்கள் இருவரும் சமமாக இருந்தோம். பிறகு வந்தது. தெளிவாக, சற்று உயரத்தில்.

“இப்ப. இப்பக் கேட்டுச்சுல்ல?”

“எது?”

“டிங்குன்னுச்சேடே.”

“இல்லையே.”

இன்னொன்று வந்தது. அவன் சுவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மூன்றாவதும் வந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

அந்த ‘இல்லையே’யைத்தான் நீங்கள் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? கேட்டது என்று சொன்னால் அவன் சுவரைத் தேடுவான், எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். கச்சேரியின் நடுவில் யாராவது எழுந்து விளக்கம் கொடுப்பார்களா?

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. சௌதாம்மா அவனைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். டாக்டர் மாத்திரை எழுதினார். போட்டால் ஷிப்டிலும் கண் சொருகுகிறது, மெஷினில் கை போய்விடும் என்று இரண்டு நாளில் விட்டுவிட்டான். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். பஞ்சு உயர்ந்த சுருதியைத்தான் தடுக்கும். நான் சுருதியைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.

நாற்பத்தொரு நாள் சுவர். பிறகு அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா ஜுவைரியா வீட்டுக்குப் போனான். மடவார் வளாகத்தில் அந்த வீடு, கோயில் மதிலுக்குப் பின்னால், அமைதியான தெரு. ஷிப்ட் முடிந்ததும் பைக்கில் அங்கே போய்ப் படுப்பது என்று ஏற்பாடு. மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தான்.

“ஏலே, பொணம் மாதிரித் தூங்குனேன்டே, ரெண்டு நாளும். அந்த வீட்லதான் என்னமோ இருக்கு. அம்மாவையும் இங்க கூட்டிட்டு வந்துரப் போறேன்.”

பழைய குரல் திரும்பியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்த பிறகு ஹெட்போனில் வெறும் சுவர்தான் கேட்டது. இரண்டு நாளாகக் குலுக்கல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் இல்லை. இசை பாதியில் நின்றால் அது இசையே இல்லை, மேடம். அவன் அதற்குப் ‘பழகிவிட்டான்’ என்றால்கூட ஒப்புக்கொள்வேன். அவன் பழகவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அடிப்பாகத்தில் குலுக்கலின் சின்ன வடிவம் ஒன்றை வைத்திருந்தேன். அதில் குமிழ் கிடையாது. கோட்டை வீட்டிலேயே முடிவு செய்து பற்றவைத்துவிட்டேன். ஜுவைரியா அக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்குத் தம்பி இதெல்லாம்? சொந்தத் தம்பி மாதிரிப் பாத்துக்கிடுதீக.”

“அவன் நல்லாத் தூங்கணும்க்கா.”

அது பொய் இல்லை. தூங்கினால்தான் விழிக்க முடியும்.

ஃபேன் ஓடும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். சந்தேகம் வந்து அவன் நிறுத்திப் பார்க்க மாட்டானா என்று நீங்கள் நினைக்கலாம். நிறுத்திப் பார்த்திருக்கிறான், அக்கா சொன்னார். நிறுத்திய பத்து நிமிடம் சத்தம் வரவில்லை. மறுபடி போட்ட பத்து நிமிடமும் வரவில்லை. காரணம் ஃபேன் இல்லை என்று முடிவு செய்துவிட்டான். சரியான நேரத்துக்கு வரும் சத்தத்தை யாரும் பிடித்துவிடலாம். இதைப் பிடிக்கவே முடியாது. அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது என்று ரைட்டர் அண்ணன் எழுத வேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன்.

ஐந்து நாள் கழித்து என் கடைக்கு வந்தான். பைக்கைச் சாய்த்து நிறுத்தக்கூட அவனால் முடியவில்லை, நான்தான் பிடித்தேன்.

“அங்கயும் வந்துட்டுடே.”

“எது?”

“அப்ப வீட்ல இல்ல. எந்தலைக்குள்ளதான் இருக்கு. நான் கிறுக்கனாயிட்டேனாடே?”

“அப்படியெல்லாம் இல்ல. டீ குடி.”

“காலைல வண்டி ஓட்டிட்டு வாரேன். முழிச்சுப் பாத்தா வன்னியம்பட்டி விலக்கத் தாண்டி நிக்கேன். எப்படி வந்தேன்னு தெரியல. எங்கம்மாவுக்கு ஆம்பளப் புள்ளன்னு நான் ஒருத்தன்தான். என்னய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடே. ஆஸ்பத்திரில கட்டிப் போட்டாக்கூடச் சரி.”

ஆம், எனக்குத் தெரியும். வண்டியில் தூங்குகிறான் என்று அவன் வாயாலேயே கேட்டேன். மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை, மாலை நாலரை மணி. எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மதுரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். இன்னும் ஒரு வாரம் அந்த ஃபேன் ஓடட்டும் என்று நினைத்தேன். மெதுவாகப் போ என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினாறாம் தேதி காலை எட்டரை மணிக்கு, நல்ல வெயிலில், ரோட்டோரம் நின்றிருந்த வைக்கோல் லாரிக்குப் பின்னால் அவன் பைக் போய் நுழைந்தது. பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை என்று உங்கள் ஏட்டையாதான் சொன்னார். தலையில் அடி. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முதல் நான்கு நாளும் நான் அங்கேதான் இருந்தேன். ரத்தம் கொடுத்தேன். சௌதாம்மாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வந்த ஜுவைரியா அக்கா, அசதியில் தம்பி கட்டிலில் தலை சாய்த்து, ஃபேனைப் போட்டிருக்கிறார். டிங்கென்று கேட்டிருக்கிறது. அவர் உடனே எழவில்லையாம். இரண்டு மணி நேரம் அப்படியே படுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பிறகு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து அடிப்பாகத்தைத் திறந்து, உள்ளே இருந்ததை வயர்கூடையில் போட்டு, நேரே இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். நேற்று இந்த வாசலில் என்னைப் பார்த்தபோது ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. “ஒனக்குக் கேட்டுச்சா, கேக்கலியா?” என்று மட்டும் கேட்டார். கேட்டது என்று நான் தலையை ஆட்டினேன்.

சரி. சுவரில் ஒட்டியது நான். கேட்கவில்லை என்று சொன்னது நான். ஃபேனில் வைத்தது நான். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். எந்த நேரத்தில் சத்தம் வந்தது என்பது மட்டும்தான் நான் இல்லை. அதற்கு வேறு ஒரு பத்தி போடச் சொல்லுங்கள்.

இன்றோடு ஆறு நாள். மயக்க மருந்தை நிறுத்திவிட்டார்களாம், ஆனாலும் கண் திறக்கவில்லை. சௌதாம்மா காதில் ஓதிப் பார்த்தார். அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மில்லிலிருந்து வந்தவர்கள் உரக்கக் கூப்பிட்டார்கள். டாக்டர் கையைத் தட்டிப் பார்த்தார். படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின் ஒரே சீராகப் பீப் பீப் என்கிறது. அதற்கு அவன் முதல் நாளே பழகியிருப்பான். அவன் தூங்கும்போது எழுப்பத் தெரிந்தது இந்த ஒரு சத்தத்துக்குத்தான், மேடம். சுவரில் நாற்பத்தொரு நாள், ஒரு முறைகூட அவன் விழிக்காமல் இருந்ததில்லை. என்னிடம் ஆதாரம் இருக்கிறது, எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு அந்த வார்டில் கூட்டம் இருக்காது. வேண்டுமானால் கைவிலங்கோடு வருகிறேன். இந்தப் பெட்டியை அவன் தலையணை அருகே ஒரு மணி நேரம் வைக்க விட்டால் போதும். சின்ன மைக் ஒன்றையும் கட்டிலில் ஒட்டிக்கொள்கிறேன், யாருக்கும் இடைஞ்சல் இருக்காது. அவன் விழித்துப் புரளும்போது கட்டில் கிறீச்சிடும் அந்த ஒன்றுதான் பாக்கி, அது கிடைத்துவிட்டால் இசை முடிந்துவிடும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வீர்களா, மேடம்?